மிஸ்டு கால் வந்தால் சுகம்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கெஸ்ட் ஹவுஸ் துணிகளைத் துவைத்துப் போட்டதும் விஜயராணி போனோடு மேட்டுப்பாறைக்கு ஓடுவாள். அவள் புருஷன் அருள்தாஸ் காங்கோவில் போர்வெல் வண்டி ஓட்டுகிறான். அங்கே சண்டை மூண்டு இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டார்கள். ஊர் வாயை அடைத்துவிட்டால் சண்டைக்காரர்களுக்கு வசதிதானே!

அதிலிருந்து இருவருக்கும் ஓர் ஏற்பாடு. அவன் மிஸ்டு கால் கொடுத்தால் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, எடுத்தால் அவனுக்குக் காசு கரைந்துவிடும். நம் பக்கம் பாதிக் குடும்பம் இப்படிப் பேசாமலே பேசிக்கொள்கிறது.

சில நாளாக அதுவும் வரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று மத்தியானம் மாமியார் சின்னத்தாயும் பாறைக்கு வந்திருந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள், கலவரம் பார்த்தவள்.

போன் அடித்தது. புது நம்பர்தான். ஆனால் முன்னால் 243 இருந்தது, காங்கோ.

"அத்தை, அவருதான்! நல்லாருக்காரு!"

"எடுத்துப் பேசு புள்ள. கலவர நேரத்துல கூப்புட்டா எடுக்காம இருக்கறதா?"

"எடுக்கக் கூடாதுங்கத்தை. அவரே கட் பண்ணிருவாரு."

கட் ஆகவில்லை. சந்தோஷத்தில் அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அடித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் எதற்கு அடித்தான்?

அவள் போனில் வெளிநாட்டுக்குக் கூப்பிட வழியில்லை. கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த பிரான்ஸ்காரப் பெண்ணைக் கையோடு இழுத்து வந்தாள். அந்தப் பெண் தன் போனில் கூப்பிட்டுத் காங்கோவிலும் பேசுகிற தன் பிரெஞ்சு பாஷையில் பேசினாள். பேசப் பேச முகம் சுருங்கியது. பிறகு விஜயராணிக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னாள்.

அது ஒரு லாரிக்காரனின் போன். அருள்தாஸின் போனைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிட்டார்கள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பெண்டாட்டி நம்பர் ஒன்றுதான். அவளிடம் சூப்பர்வைசர் சுப்புராஜின் நம்பரைக் கேட்டு வாங்கினால், கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். அதற்காகக் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் போனை வாங்கியிருக்கிறான். யாரும் எடுக்கவில்லை. லாரிக்காரன்தான் எத்தனை நேரம் நிற்பான்? லாரியில் ஏற்ற இடமில்லாமல் அருள்தாஸை ரோட்டில் விட்டுவிட்டு ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வந்துவிட்டான். பின்னாலேயே பாலத்தை மூடிவிட்டார்கள்.

"பாவி, நானே கொன்னுட்டனே!" விஜயராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

போன் மறுபடி அடித்தது. அடித்த மாத்திரத்தில் எடுத்தாள். "ஏங்க! சுப்புராஜ் அண்ணன் நம்பரச் சொல்றேன், வெரசா குறிச்சுக்கங்க!"

"சுப்புராஜ்தாம்மா பேசுறேன். எல்லாரும் வண்டியில ஏறிட்டோம். அருள்தாஸுக்குப் போன் போகவே மாட்டேங்குது. எங்க நிக்கிறான், தெரியுமா?"

"பாலத்துக்கு அங்கிட்டு ரோட்டுல நிக்கிறாருண்ணே! உங்க கால்ல விழுறேன், கூட்டிட்டு வந்துருங்கண்ணே!"



"பாலத்த இப்பத்தாம்மா மூடுனாங்க. செத்த முன்னாடி தெரிஞ்சிருந்தா நானே போயி ஏத்தியிருப்பேனே."

அவர் போனை வைத்த பிறகும் விஜயராணி அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.