மூக்கம்மா கடித்த நட்சத்திரம்

அந்த வீட்டில் மூக்கம்மா கடித்துப் பார்க்கும்வரை கிறிஸ்துமஸ் குக்கீயை வேறு யாரும் தொடுவதில்லை. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் அது தானாகப் பழகிப்போனது. குக்கீ ஓவனிலிருந்து வந்து, ஆறி, மேலே ஐசிங் போட்டுக் காய்ந்த பிறகு, அவள் ஒன்றை எடுத்து இரண்டாக உடைப்பாள். உடைந்த ஓரத்தை மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு ஒரு கடி. கண்ணை மூடி, அவசரமில்லாமல் மென்று, தீர்ப்பு சொல்வாள். அதன் பிறகே தட்டு மற்றவர்கள் பக்கம் நகரும்.

மூக்கம்மா என்பது தொழிற்சாலையில் கிடைத்த பட்டம். பிஸ்கட் தொழிற்சாலையின் ருசி அறையில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. ஒருமுறை ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, மெஷினுக்குப் புதிதாக கிரீஸ் போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் அன்று காலையில்தான் போட்டிருந்தார்கள். அன்றோடு சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியது.

அந்த டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் அவள் குடித்த தேநீர் வெறும் சூடாக இருந்தது. சூடும் இனிப்பும் தவிர அதில் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வாரம் கடுமையான ஜலதோஷம். சளி போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பை முகர்ந்தாள், தரை துடைக்கும் மருந்தை முகர்ந்தாள், கணவனின் வேலைச் சட்டையை முகர்ந்தாள். எல்லாம் ஒரே காற்று. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். வாசனை தெரியாதவளுக்கு ருசி அறையில் நாற்காலி கிடையாது. அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேலையை அவள் சமாளித்த விதம் எளிமையானது. ருசி அறையில் அவளுக்கு எதிர்மேஜையில் ஒருவர் உட்காருவார். சோதனைக்கூடத்திலிருந்து எட்டு மாதம் முன்பு மாற்றலாகி வந்த, அதிகம் பேசாத, மீசைக்காரர். இருவரும் ஒரே சாம்பிள் பிஸ்கட்டைக் கடித்து, தனித்தனித் தாளில் மதிப்பெண் போட வேண்டும். அவள் மெல்லும்போது அவருடைய முகத்தைக் கவனித்தாள். புருவம் சுருங்கினால் குறைத்துப் போட்டாள். சும்மா இருந்தால் நன்றாகப் போட்டாள். இத்தனை நாளில் இரண்டு தாளும் ஒருமுறைகூட முரண்படவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

இருபதாம் தேதி சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையல் மேடையைத் துடைத்து மாவு தூவினார்கள். எப்போதும் போல மூன்று பேர். மூக்கம்மா, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், கணவனின் தங்கை. தங்கையும் அதே தொழிற்சாலைதான், பேக்கிங் பிரிவு. வாய் ஓயாத அவளுக்கு அண்ணன் வைத்த பெயர் ரேடியோ.

மூக்கம்மா வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையும் வெனிலாவும் சேர்த்து, மாவைக் கொட்டிப் பிசைந்தாள். உருண்டையைத் தட்டி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாள். பிறகு ரேடியோ அதை உருட்டுக்கட்டையால் தேய்த்து, அச்சால் வெட்ட ஆரம்பித்தாள். நட்சத்திரம், மணி, மரம்.

"அண்ணி, இந்த மரத்துக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"கையால தூக்காத. கத்தியை அடியில விட்டுத் தூக்கு."

"எங்க பெல்ட்ல வரிசையா தானா வந்து விழும். இங்க ஒவ்வொண்ணையும் பச்சைக் குழந்தை மாதிரி தூக்க வேண்டியிருக்கு."

"குழந்தைக்கு இவ்வளவு மாவு பூச மாட்டாங்க" என்றான் அண்ணன். "முகத்தைப் போய்க் கண்ணாடில பாரு."

முதல் தட்டு ஓவனுக்குள் போனது. மூக்கம்மா முக்காலியை இழுத்துப்போட்டு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்போது எடுக்க வேண்டும், நடு வெளிறியே இருக்க வேண்டும். போன வருடம்வரை அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். வாசனை வந்ததும் எழுந்து வருவாள். நேரம் ஒருபோதும் தப்பியதில்லை.

"என்ன அண்ணி, ஓவன் வாசல்லயே குடி வந்துட்டீங்க. மூக்காலதானே எடுப்பீங்க."

"கண்ணுக்கும் கொஞ்சம் வேலை குடுப்போமேன்னுதான்."

ரேடியோ அதோடு வேறு அலைவரிசைக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை ருசி அறையில் பாஸ் ஆன பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. பண்டிகைக்கான சிவப்பு டப்பா. நாலாயிரம் டப்பா. மூடி திறக்கவே வராத ரகம். "ரெண்டு நாளா மூடி அமுக்கி அமுக்கி விரல் கழண்டு போச்சு. திங்கட்கிழமை காலைல லாரி ஏறினாத்தான் எனக்கு உயிர் வரும். புது இடத்துலேருந்து கொழுப்பு வாங்கியிருக்காங்களாமே, அப்படியா?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மூக்கம்மா, கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

நாற்பத்தெட்டு குக்கீயும் ஆறிய பிறகு ஐசிங் வேலை. முட்டை வெள்ளைக்கருவில் பொடித்த சர்க்கரையைக் கலந்து அடித்து இரண்டு பதத்தில் பிரித்தாள். கெட்டியானதைக் காகிதக் கூம்பில் நிரப்பிக் கணவனிடம் கொடுத்தாள். தண்ணீராக இருந்ததில் கத்தியால் கோடு இழுத்து எண்ணினாள். பத்து எண்ணுவதற்குள் கோடு மறைந்தால் சரியான பதம். ஒன்பதில் மறைந்தது. ஓரத்தில் வரப்பு கட்டுவது கணவன் வேலை, உள்ளே பாய்ச்சுவது ரேடியோ வேலை. லிஃப்ட்டின் கம்பி வடம் பிடித்த கணவன் கைக்கு நடுக்கமே இல்லை. நட்சத்திரத்தின் ஐந்து முனையிலும் கோடு ஒரே கனத்தில் திரும்பியது.

"உன் லிஃப்ட் மட்டும் ஏன் ரெண்டாவது மாடியிலயே நிக்குது, இவ்வளவு நல்ல கை இருந்து?"

"அதுக்குள்ள உன்னை மாதிரி ஆளுங்க ஏறி பேசுறாங்க. கனம் தாங்கல."

சிவப்பு, பச்சை, வெள்ளை. மணிகளுக்கு மஞ்சள் போதவில்லை, கடைசி மூன்று மணிகள் வெள்ளையாகவே நின்றன. ஐசிங் காய்வதற்குள் ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டது. நாளை இந்தத் தளத்திலிருக்கும் ஆறு வீடுகளுக்கும் ஆளுக்கு ஏழு கொடுப்பதாகக் கணக்கு. மிச்சம் ஆறும் வீட்டுக்கு.

மூக்கம்மா ஒரு வெள்ளை நட்சத்திரத்தை எடுத்து உடைத்தாள். ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனாள். கடித்தாள். கண்ணை மூடினாள். பல்லுக்குக் கீழே சர்க்கரை நொறுங்கியது, இனிப்பு தெரிந்தது. போதுமான நேரம் மென்றாள்.

"நல்லா வந்திருக்கு. முதல்ல வெண்ணெய் வருது, பின்னாடியே வெனிலா."

தட்டு நகர்ந்தது. இருவரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

கணவனின் தாடை இரண்டு முறை அசைந்து நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றுமில்லை என்று கண்டதும் மறுபடி மென்றான். விழுங்கினான். "ஆமா" என்றான். "வெண்ணெய் முன்னாடி வருது."

ரேடியோ இன்னொரு கடி கடித்து, அதையும் மெதுவாக மென்றாள். "வித்தியாசமா இருக்கு அண்ணி. நல்ல வித்தியாசம்தான்."

மூக்கம்மா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் லேசான திடுக்கிடல், பிறகு அவள் பக்கம் ஒரு பார்வை, பிறகு எல்லாம் சரியாகிவிட்டது போன்ற அமைதி. இந்த முகத்தை அவள் இந்த மாதம் முழுக்க வேறொருவரிடம் பார்த்திருக்கிறாள். அந்த அமைதிக்குத்தான் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இதுல என்ன வருது?"

"நீ சொன்னதுதான்."

"நான் சொன்னதை விடுங்க. உங்க நாக்கு என்ன சொல்லுது?"

அவன் தங்கையைப் பார்த்தான். தங்கை மேடையைப் பார்த்தாள். "வெங்காயம்" என்றான் கடைசியில். "நீ ஒண்ணும் சொல்லலையா, என் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"எனக்கு மாவு தேய்க்கும்போதே வந்துச்சு" என்றாள் ரேடியோ. "மதியம் வெங்காயம் நறுக்கின கை, அதான்னு விட்டுட்டேன். இருந்தா நீங்க கண்டுபிடிக்காமயா இருப்பீங்க?"

வெண்ணெயின் கதை வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை. வியாழக்கிழமை ஃபிரிட்ஜை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கணவன்தான், பிரித்த வெண்ணெயைத் தூக்கி, பாதி வெங்காயம் இருந்த மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்தான். அதில் இடம் இருந்ததாம்.

"ரெண்டு நாள் ஒரே டப்பாவுல. அது ஊறாம என்ன செய்யும்" என்றாள் மூக்கம்மா. குரலில் கோபமில்லை. கையிலிருந்த பாதி நட்சத்திரத்தை மேடையில் வைத்தாள். "எனக்கு வாசனை தெரியல. பதினெட்டு நாளாச்சு."



"போன வாரம் கேஸ் கசியுதான்னு நான் கேட்டப்போ, ஆமா லேசா வருதுன்னு சொன்னியே" என்றான் கணவன்.

"நீங்க கேட்டீங்க. அதனால சொன்னேன்."

"நான் சும்மா சந்தேகத்துலதானே கேட்டேன். அதை நம்பி ரெண்டு தெரு நடந்து போய் டியூப் வாங்கிட்டு வந்தேன்."

ரேடியோ சிரிக்கப்போய் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அப்போ வியாழக்கிழமை பாஸ் பண்ணது?"

மூக்கம்மா போனை எடுத்து எதிர்மேஜைக்காரரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"சார், வியாழக்கிழமை சாம்பிள் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நீங்க போட்ட அதே மார்க்குதானே மேடம் போட்டேன்."

"மார்க்கு இல்ல சார். வாய்ல."

அவர் தயங்கினார். "வாய்லன்னா... முதல்ல கொஞ்சம் பழைய எண்ணெய் வாடை அடிச்ச மாதிரி இருந்துச்சு. உங்களைப் பார்த்தேன். நீங்க சாதாரணமா மென்னுக்கிட்டு இருந்தீங்க. பதினாறு வருஷ மூக்கு, அது சொல்லாததை நான் சொல்லவான்னு விட்டுட்டேன். ஏன் மேடம், ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினைதான் சார். நான் உங்களைப் பார்த்துத்தான் போட்டேன்."



போனை வைத்ததும் கணவன் அருகில் வந்து நின்றான். "அவசரப்படாத. டாக்டர் வரலாம்னு சொன்னாருன்னா வந்துடும். இது தெரிஞ்சா உன்னை அந்த அறைக்குள்ளயே விட மாட்டாங்க. பழைய எண்ணெய் சாப்பிட்டு யாரும் சாகப்போறதில்ல."

"லாரி திங்கட்கிழமை காலைல."

"அதுக்குத்தான் சொல்றேன். போயிடட்டும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பதினெட்டு நாளாக அவளும் இதையேதான் வேறு வார்த்தைகளில் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ருசி அறையின் பொறுப்பு அதிகாரியின் எண்ணைத் தேடி அழுத்தினாள். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை.

பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அவள் சொன்னதெல்லாம் தேதிகள். இரண்டிலிருந்து பத்தொன்பதுவரை. நடுவில் நீண்ட இடைவெளிகளில் அவள் "ஆமா மேடம்" என்றாள். ஒருமுறை, "தெரியல மேடம், வராமலும் போகலாம்னு சொன்னார்" என்றாள். போனை வைத்தபோது காது சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றான் கணவன்.

"லாரியை நிறுத்துறாங்க. டப்பாவெல்லாம் பிரிச்சு வேற ஆளுங்களை வெச்சுப் பார்ப்பாங்களாம். நான் திங்கட்கிழமை ருசி அறைக்குப் போகக் கூடாது. ஒன்பது மணிக்கு மேடம் ரூமுக்குப் போகணும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியல."

ரேடியோ தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலாயிரம் டப்பா" என்றாள். "அமுக்கினதும் நாங்கதான், பிரிக்கிறதும் நாங்கதான்."

"உன் ஷிஃப்ட் ஏழு மணிக்குத்தானே?" என்றாள் மூக்கம்மா.

"ஆமா."

"என்னைக் கூப்பிட்டது ஒன்பது மணிக்கு. ரெண்டு மணி நேரம் நானும் வந்து பிரிக்கிறேன்."

ரேடியோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அங்க நாற்காலி கெடையாது அண்ணி. நின்னுக்கிட்டேதான்."

"சரி."

"நகத்தை ஒட்ட வெட்டிட்டு வாங்க. அந்த மூடி பிச்சு எடுத்துடும்."