வரதனின் முறை

ஒல்லாந்தர் கப்பலில் கடல் கடந்து பத்தாவியாத் துறைமுகத்துக்குப் போன வரதன் ஏழு வருடமாகத் திரும்பவில்லை. அதே ஊர்க்காரன் பூபதியைக் கட்டிக்கொள்ள ஊர்க்கூட்டத்தில் அனுமதி கேட்டாள் வரதனின் மனைவி அங்காளி.

"பொணத்தப் பாக்காம தாலிய எடுக்க முடியாதும்மா. அதான் நம்ம சட்டம்" என்றார் ஊர்த் தலைவரான நாட்டார் கோதண்டம்.

ஏரியில் ஆளுக்கொரு நாள் வலை போடும் முறை கல்யாணமானவனுக்குத்தான் உண்டு; அவன் செத்தால் அது ஊருக்குப் போய்விடும். இந்த ஏழு வருடமும் வரதனின் முறையில் இறால் வாரியது நாட்டாரின் தம்பி. சட்டத்தின் மேலேயே அங்காளிக்குச் சந்தேகம் வந்தது.

"சரி நாட்டாரே, அவரு உயிரோடதான் கீறாரு. அப்போ அவரு முறை எங்க வூட்டுக்குத்தானே? நாளைக்கு நானே வலை போடறேன்."

"இன்னா பேச்சு இது, பொம்பள வலை போடறதா?"

"உங்க தம்பி போடலாம், பொண்டாட்டி போடக்கூடாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோதண்டம் தம்பியைப் பார்த்தார்.

"ஏழு வருசமாச்சு. செத்துட்டான்னே வெச்சிக்கலாம்" என்றார்.

அவர் மனம் மாறுவதற்குள் அங்காளி தாலியைக் கழற்றினாள்.