மூணு கம்பி

போத்தனூர் யார்டில் வேகன்கள் முட்டிக்கொள்ளும் சத்தத்தில்தான் எங்களுக்கு விடியும். அதற்குள் பட்டறையில் முதுகு வளைந்திருக்கும். தூக்கி அடுக்குகிற சக்கரம் ஒவ்வொன்றும் தண்ணீர்க் குடத்துக் கனம். பேட்டரி ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். நடுவில் செம்புக் கம்பி சுற்றிய வட்டு, அதைச் சுற்றி விளிம்பெல்லாம் காந்தம். கம்பி சுற்றுவது பொற்கொடியும் நானும். வார்னிஷ் நாற்றம் சோறு பிசையும்போதும் விரலை விடாது. மூடி பூட்டுகிற பிட்டர் யூனுஸ், உக்கடத்துப் பையன்.

அன்றைக்கு முதலாளி தம்பிதுரை வெள்ளெனவே வந்து நின்றார். சரக்கு எடுக்கிற பார்ட்டி மதியத்துக்குள் வந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த சக்கரம் ஒன்றுகூட லேசாகச் சுற்றவில்லை. களிச் சட்டியில் துடுப்புப் போட்டதுபோல் இறுகி இறுகி நகர்ந்தது. வேகமாகத் தள்ளினால் இன்னும் இறுகியது.

"உள்ள என்னமோ உரசுது. தொறந்து பாரு யூனுசு."

"வட்டை இழுத்து எடுக்கற புல்லர் முறிஞ்சு கெடக்குதுங்க. போன மாசமே கேட்டனுங்களே. கையில தூக்குனா காந்தம் வெடுக்குனு திரும்ப இழுத்துப் போடுமுங்க."

"காந்தத்துக்குப் பயந்தா பிட்டரு வேலைக்கு எதுக்குக் கண்ணு வந்தே? தூக்கு. இல்லீனா கேட்டு தொறந்துதான் கெடக்குது."

கண்ணு என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பார்கள்.

யூனுஸ் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தான். தரையில் உட்கார்ந்து விளிம்பில் பாதம் பதித்து அச்சைப் பிடித்து இழுத்தான். நான் சக்கரத்தை அமுக்கிக்கொண்டேன். வட்டு கொஞ்சம் எழும்பியது. பொற்கொடி சந்தில் மரக்கட்டையைச் செருகினாள். பிடி போதவில்லை என்று அவன் வட்டின் அடியில் விரலை விட்டான். கட்டை நழுவியது.

முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். அப்புறம்தான் அவன் கத்தினான்.

செம்புக் கம்பிக்கு நடுவே ரத்தம் ஊறி வந்தது. பொற்கொடியும் நானும் விளிம்பில் காலை ஊன்றி வட்டை இழுத்தோம். பாதி எழும்பும், மறுபடி கடிக்கும். "இழுங்கக்கா! இழுங்க!" என்று அவனே அலறினான். லேத்து சாமுவேல் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கை வெளியே வந்தபோது இரண்டு விரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தன.

என் முந்தானையைக் கிழித்துச் சுற்றினேன். சாமுவேல் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"காந்தத்தைத் தொடைங்க. துருப் புடிச்சுப்போடும்" என்றார் முதலாளி. அடுத்த சக்கரத்தைக் காலால் தள்ளினார். "பொற்கொடி, நீ உக்காரு அம்மணி. உன்ற வெரலு சின்னது, சந்துல நல்லா நொழையும்."

அவள் உட்கார்ந்தாள். அச்சிலிருந்து வரும் மூன்று கம்பிகள் குறுக்கே கிடந்தன. பிளக் போட்டால் செலவு, சடையாட்டம் பின்னிப் பெட்டியில் போடுங்கள் என்று முதலாளி சொல்லி, நாங்கள்தான் பின்னியிருந்தோம். நுனியில் செம்பும் செம்பும் ஒட்டியிருந்தன. இடைஞ்சலாக இருக்கிறதென்று பொற்கொடி சடையைப் பிரித்தாள்.

சக்கரம் அவள் மடியில் சர்ரென்று சுற்றியது.

பதறிப்போய் நான் இன்னொன்றைப் பிரித்தேன். சுற்றியது. திரும்பப் பின்னினேன். இறுகியது. யூனுசின் சக்கரத்தைப் பார்த்தோம். ரத்தத்தில் நனைந்த சடை அப்படியே இருந்தது. உள்ளே எதுவும் உரசவே இல்லை; ஒட்டிய கம்பிதான் சக்கரத்தைப் பிடித்திருந்தது.

"அப்ப அவன் வெரலு எதுக்குங்க போச்சு?" என்றாள் பொற்கொடி.

"செரி, ஆனது ஆச்சு. பார்ட்டி வாரதுக்குள்ள எல்லாச் சடையையும் பிரிங்க. தரையைக் களுவுங்க. யாராச்சும் கேட்டா, அவனாத்தான் கவனமில்லாம கைய உட்டான்னு சொல்லிப்போடுங்க. உக்கடத்தானுக்காக நீங்க எதுக்கு மொகத்தைத் தூக்கறீங்க?"

"மாட்டேன்" என்றாள் பொற்கொடி.

அந்தச் சொல்லில் 'ங்க' இல்லை. அந்தப் பட்டறையில் முதலாளியிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அறை விழுந்தது. பொற்கொடியின் உதடு பிளந்தது. அவர் கடப்பாரையை எடுத்து ஓங்கினார். பாதி வழியில் நான் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை கிழிந்தும் விடவில்லை. பின்னால் லேத்துகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. லேத்துக்காரர்களில் மூத்தவரான அழகிரிசாமி வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். கடப்பாரை முதலாளி கையிலிருந்து கழன்றது.

பொற்கொடி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, பிரித்த சக்கரத்தை எடுத்து மூன்று கம்பியையும் மறுபடி பின்னினாள். நானும் பின்னினேன். எல்லாச் சக்கரத்தையும் உருட்ட மாட்டாமல் உருட்டிக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, யாரும் சடையைத் தொடாதபடி அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

தம்பிதுரை ஒன்றை எட்டி உதைத்தார். முனகி நின்றது. இன்னும் ஓங்கி உதைத்தார். காலைப் பிடித்துக்கொண்டார்.

"பிரிச்சு உடுங்க கண்ணு, பேசிக்கலாம்."

"யூனுசு வைத்தியத்துக்கும் அவன் ஊட்டுச் சோத்துக்கும் வழி சொல்லுங்க. புல்லர் வரோணும். அதுக்கப்பறம் பிரிக்கறமுங்க" என்றேன்.

முதலாளி போலீசுக்குப் போன் போட உள்ளே போனார். வெளியே பார்ட்டியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. பொற்கொடி என் கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அழகிரிசாமி அவள் கையைப் பிடித்தார்.

மறுபடி ஹாரன், விடாமல். சத்தம் ஏற ஏற நாங்கள் இறுகினோம்.