ஓடக்காரக் கவிஞனின் அவையடக்கம்

தவமலர் ஆறு வருடமாகத் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் ஒரு செத்துப்போன ஆங்கிலக் கவிஞனுக்காக வழக்காடிக்கொண்டிருந்தாள். பெயர்கூடத் தெரியாத கவிஞன். அறுநூறு வருடங்களுக்கு முன் தேம்ஸ் நதியைப் பற்றி நீண்ட பாட்டொன்றை எழுதி வைத்துவிட்டுப் போனவன். தொடக்கத்திலேயே, ‘நான் எழுத்தறியாத ஓடக்காரன், துடுப்புப் பிடித்துக் காய்த்த கை, பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்’ என்று பதினாறு வரி பாடியிருந்தான்.

அந்தக் காலத்துப் புலவர்கள் இப்படிப் பணிந்து பாடுவது வழக்கம் என்று அந்தப் பாட்டை ஆராய்ந்த பேராசிரியர் ஹாலோவேக்கும் தெரியும். ஆனால் இவன் மட்டும் உண்மையைச் சொல்கிறான் என்று அவர் நம்பிவிட்டார். ஓடக்காரனின் வாழ்க்கையை நானூறு பக்கத்தில் எழுதிவிட்டார். ஓடம் கட்டிய துறை, வயதான காலத்து மூட்டுவலி எல்லாம் அதில் உண்டு. பெண்சாதியின் பெயர் மட்டும்தான் கிடைக்கவில்லை.

தவமலரின் ஆய்வு நேர் எதிர். இவன் ஓடக்காரனுமில்லை ஒன்றுமில்லை. நன்றாகப் படித்த மனிதன், வழக்கப்படி அவையடக்கம் சொல்லியிருக்கிறான். தமிழ்க் காவியம் ஒன்றைத் திறந்து பார்த்த எவருக்கும் இது முதல் பக்கத்திலேயே விளங்கும்.

1988 மார்கழியில் வாய்மொழிப் பரீட்சை. பரீட்சகராக வந்ததோ அதே ஹாலோவே. ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் அவளைக் காரில் இறக்கிவிட வந்த கணவன் யோகலிங்கத்துக்கு அவளைவிடப் பயம்.

“அந்தாளின்ரை புத்தகம் பிழையெண்டு அந்தாளுக்கே சொல்லப்போறீர். பட்டம் தாறதும் அந்தாள்தான். கொஞ்சம் பணிஞ்சு கதையும்.”

“அது எனக்குத் தெரியும். நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ.”

பரீட்சை அறையில் ஹாலோவேயும் பெம்பரி என்ற இளம் பெண் விரிவுரையாளரும் இருந்தார்கள். ஆய்வைப் பற்றிச் சில வார்த்தை சொல்லும்படி ஹாலோவே கேட்டார். பள்ளிக்கூட மேடைகளில் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

“உங்களைப் போன்ற அறிஞர்கள் முன் பேச எனக்குத் தகுதி போதாது. என் ஆய்வில் குறைகள் பல இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மைக்கைப் பிடுங்கும்வரை பேசுவார்கள். ஹாலோவே அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

“உங்கள் நேர்மையை மதிக்கிறேன். குறைகள் பல என்று நீங்களே சொல்வதால், கலாநிதிப் பட்டத்துக்குப் பதிலாக அதற்கு ஒரு படி கீழான முதுமாணிப் பட்டம் தருவதைப் பற்றி யோசிக்கலாம்.”

மனிதர் அன்பாகத்தான் சொன்னார். தவமலர் உழைத்தது கலாநிதிப் பட்டத்துக்கு. ஆறு வருடம்! சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தடுமாறினாள். அடுத்த கணம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நான் சொன்னதை நம்பிவிட்டீர்களா?”

“நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“அவனும்தான் சொன்னான்.”

ஹாலோவே பேனையைக் கீழே வைத்தார்.

“எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் மேடையில் பேசினால் மரியாதை தெரியாதவள் என்பார்கள். ஆனால் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள். நம்பினால் அதைவிட அவமானம் இல்லை. அந்தப் பதினாறு வரியைப் பாருங்கள். பாடத் தெரியாது என்கிறான். வரிக்கு மூன்று சொல் ஒரே ஒலியில் தொடங்குகிறது, ஒன்றுகூடப் பிசகவில்லை. பாட்டின் மற்ற இடங்களில் தடுக்கி விழுகிறான். தெரியாது என்று சொல்லும் இடத்தில்தான் முழுக் கெட்டித்தனத்தையும் காட்டியிருக்கிறான்.”

பெம்பரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். ஹாலோவே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, உதடு அசைய, அந்த வரிகளை வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“வழக்கத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். இந்த ஆய்வு எப்படிப்பட்டது?”

தவமலர் பிறந்ததிலிருந்து தன்னைத் தானே புகழ்ந்தவள் இல்லை.

“நல்ல ஆய்வு” என்றாள். அது போதாது போலிருந்தது. “இந்தப் பாட்டைப் பற்றி இதுவரை வந்தவற்றில் இதுதான் சிறந்தது. உங்கள் புத்தகத்தைவிடவும்.”

கூரை இடிந்து விழவில்லை. அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

வெளியே இருக்கச் சொல்லி மறுபடி அழைத்தார்கள். திருத்தம் எதுவும் இல்லாமல் கலாநிதிப் பட்டம். பெம்பரி ஓடிவந்து கைகுலுக்கினாள். ஹாலோவே கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பாமல் இருந்தார்.

“ஒவ்வொரு வருடமும் மாணவர்களை அந்த ஆற்றுத் துறைக்குக் கூட்டிப்போவேன். அவனுடைய ஓடம் நின்ற இடம் இதுதான் என்று காட்டுவேன். நான் பெரிய அறிஞன் ஒன்றுமில்லை.”

‘ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள்’ என்று உபசாரமாகச் சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் அவையடக்கம் சொல்லவில்லை. சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். அவளுக்கு மனம் தாங்கவில்லை.

“இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இல்ஃபோர்ட் நூலகத்தில் உங்கள் புத்தகத்தை எடுத்தேன். விடிய விடிய வாசித்தேன். அந்த ஓடக்காரனில் ஆசை வைத்தபடியால்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.”

ஹாலோவே அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“இதுவும் உங்கள் ஊர் வழக்கமா?”

“இல்லை” என்றாள் தவமலர். “இதை நீங்கள் நம்பலாம்.”