ஸ்டூல் மேல் இருந்த பூட்

அவள் கணவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. அடுத்தவர் ஒட்டிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நொட்டை சொல்வதற்குச் சம்பளம். பன்னிரண்டு வருஷம் அதையே செய்ததில், தன்னைத் தவிர யாருக்கும் எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவர் கையால் ஒரு பெட்டிகூட ஒட்டியதில்லை.

ஆகவே காரின் முன்சக்கரத்துப் பக்கம் ஆக்ஸில் பூட் கிழிந்திருப்பது தெரிந்ததும், "மெக்கானிக்குங்க எல்லாம் வாயாலயே வேலை பாக்குறவனுங்க. நானே மாத்துறேன்" என்றார். பூட் என்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில் உள்ள ஜாயிண்ட்டை மூடி, கிரீஸை உள்ளேயும் மண்ணை வெளியேயும் நிறுத்தி வைப்பது. அது கிழிந்தால் கிரீஸ் தெறித்துப் போகும், மண் புகும், திருப்பத்தில் ஜாயிண்ட் கடகடவென்று கத்தும். ஒரு நாள் நடுரோட்டில் மொத்தமாகக் காலை வாரிவிடும்.

அவளுக்குத் திங்கட்கிழமை காலை ஓட்டுநர் தேர்வு. அந்தக் காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வுக்குக் கொடுத்ததில் இது மூன்றாவது தேதி. முதல் தேதியன்று அவருக்கு அவசர மீட்டிங். இரண்டாவது தேதியன்று கார் சாவியைக் காணோம். சாயங்காலம் அவருடைய கால்சட்டைப் பையிலேயே இருந்தது. இந்தத் தடவையும் போனால் பயிற்சி உரிமம் காலாவதியாகிவிடும். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடிகாலை ஷிப்டுக்குத் தலைமை ஏற்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. லைசென்ஸ் வந்தால் அந்த இடம் அவளுக்கு, வராவிட்டால் இன்னொருத்திக்கு.

"கடையில விட்டா ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடுவாங்களே" என்று சனிக்கிழமையே சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதா? நீ கார் கையேட்டைப் படிச்சுக் காட்டு. அது போதும்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் புதுக் கையுறையும் புது ஸ்பானர் பெட்டியுமாகக் கொட்டகைக்குள் இறங்கினார். பெட்டியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதற்கே கால் மணி நேரம் ஆனது. அவள் வாசலில் நாற்காலி போட்டு, பழுதுபார்க்கும் கையேட்டை மடியில் விரித்து உட்கார்ந்தாள்.

"முதல்ல, சக்கரம் தரையில இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்தணும்."

"ம்." அவர் காதிலேயே வாங்கவில்லை. ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிவிட்டு ஸ்பானரைப் போட்டார். சக்கரம் அந்தரத்தில் ஸ்பானரோடு சேர்ந்து சுற்றியது. நாலைந்து தடவை சுற்ற வைத்து வேடிக்கை பார்த்துவிட்டு, "இந்த நட்டு தரமில்லாத நட்டு" என்று சொல்லிக்கொண்டே காரை மறுபடி இறக்கினார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று தெரியும்.

பதினொன்றரை மணிக்கு ஒருவழியாகத் தண்டின் முனையை விடுவித்து, ஜாயிண்ட்டைத் தட்டி வெளியே எடுத்தார். பழைய பூட்டை அறுத்து எறிந்தார். அவருடைய முழங்கை, நெற்றி, ஒரு காது, எல்லாவற்றிலும் கிரீஸ். ஜாயிண்ட்டைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தவள் அவள்.

"இப்ப முதல்ல பூட்டோட வாயை இறுக்குற சின்ன கிளாம்ப், அப்புறம் புது பூட், ரெண்டையும் தண்டுல ஏத்திடணும். அதுக்கு அப்புறம்தான் ஜாயிண்ட். ஜாயிண்ட்டைத் தண்டுல பிடிச்சு நிறுத்துற பழைய கம்பி வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது, புதுசுதான் போடணும்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு."

"பழசு நல்லாத்தான் இருக்கு. சும்மா விக்கிறதுக்காக எழுதுறானுங்க."

"பூட்டை முதல்ல ஏத்தணும்னு..."

"ஒரு தடவை சொன்னா போதும். காது இருக்கு எனக்கு."

அவள் கையேட்டை மூடி மடியில் வைத்தாள். போன் வந்தது. அவர் தொழிற்சாலையிலிருந்து யாரோ. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கம்பெனிப் பெட்டியின் மூலை எப்படிச் சரியில்லை என்று எட்டு நிமிடம் அளந்தார். பேச்சு முடிந்ததும் அதே ஜோரில் ஜாயிண்ட்டுக்குள் கிரீஸை அப்பி, தண்டில் பொருத்தி, சுத்தியலால் நாலு போடு போட்டார். 'டக்' என்று உட்கார்ந்தது.

"கேட்டியா அந்தச் சத்தத்தை? அதுதான் வேலை" என்றார்.

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் புது பூட் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சின்ன கிளாம்ப். அவரும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ ஞாபகப்படுத்தியிருக்கணும்" என்றார் கடைசியில்.

அவர் கொஞ்ச நேரம் பூட்டை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதை நீளவாக்குல வெட்டி, சுத்திப் போட்டு, பசை வெச்சு ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்? அந்தக் கத்தியை எடு" என்றார். ஒட்டு விலகியிருந்தது என்று சொல்லி ஒரு லாரி நிறையப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிய கதையை மூன்று மாதமாகச் சொல்லிவந்த வாய் அது.

அவள் எழுந்து போய் அவர் கையிலிருந்து பூட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சரி, அப்ப விடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம். நீ லைசென்ஸ் வாங்கி இப்ப எங்க பறக்கப்போறே?"

சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. வேலை கெட்டுப்போன கவலைகூட இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்த நொடியில் அவளுக்குள் இருந்த கோபம் வடிந்துவிட்டது. கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது வெறும் இளப்பம்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு, களைத்துப்போனவர் மாதிரி முனகிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது.

அவள் அவருடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டாள். கையேட்டைத் தரையில் விரித்து ஒரு செங்கல்லை வைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு குப்பிகள் அவள் கை வழியாகப் போகும். ஒன்றில் வரிசை மாறினாலும் ஒருவருடைய ரத்தம் இன்னொருவருடையதாகிவிடும். எழுதியிருக்கிறபடி செய்வது அவளுக்குப் புதிதில்லை.

ஜாயிண்ட்டின் உள்விளிம்பில் கட்டையைக் கொடுத்து அடித்தாள். ஆறாவது அடிக்குக் கழன்று மடியில் விழுந்தது. பழைய வளையம் கோணியிருந்தது. புதியது அவர் கைபடாமல் உறையிலேயே பத்திரமாக இருந்தது. அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதைத் தொடாமல் விட்டதுதான். சின்ன கிளாம்ப், பூட், வளையம், மிச்ச கிரீஸ், ஜாயிண்ட். 'டக்.' இந்தத் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லி அவள் யாரையும் கூப்பிடவில்லை.

பூட்டின் இரு வாயிலும் சின்ன கிளாம்பையும் பெரிய கிளாம்பையும் இறுக்கிவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தாள். அவருடைய அக்கா. பதினைந்து வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "அண்ணி, சக்கரப் பக்கத்தைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

நாத்தனார் வந்தார். இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பானரும் கொண்டுவந்தார். கொட்டகையைப் பார்த்தார், குறட்டையைக் கேட்டார். "சின்ன வயசுல சைக்கிள் செயினை மாத்துறேன்னு ஆரம்பிச்சான். அந்த சைக்கிளை அப்புறம் நாங்க பாக்கவே இல்ல" என்றார். இருவரும் சேர்ந்து தண்டை உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் பூட்டி, காரை இறக்கி, நடு நட்டைக் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கியபோது மணி நாலு.

மறுநாள் காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து முன்கதவைத் திறந்தார். பயிற்சி உரிமக்காரர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும். அங்கே நாத்தனார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி ஏறு தம்பி."

ஏறினார். அவள் வண்டியை வாசலிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்பினாள். நேற்று வரை கத்திய இடம். இன்று சத்தமே இல்லை. தெருமுனையிலும் இல்லை.

பின்சீட்டில் தொண்டையைக் கனைக்கும் சத்தம். "பாத்தீங்களாக்கா, கம்முனு போகுது. நேத்து காலையில இருந்து உசிரைக் கொடுத்திருக்கேன். கடையில கொடுத்திருந்தா இந்தத் தரம் வந்திருக்குமா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். சிக்னல் போட்டாள். பக்கக் கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலே ஒரு பார்வை. வேகத்தைக் குறைத்து, நடைபாதையை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டாள்.

"இறங்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இறங்குங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். நாத்தனார் முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கினார். கதவைச் சாத்தியது போதவில்லை என்று அவள் சொன்னதும், திறந்து மறுபடி சாத்தினார்.

அவள் சிக்னலை மாற்றிப் போட்டு வண்டியை எடுத்தாள்.

"ஓரம் கட்டினது நல்லா இருந்துச்சு. அங்கேயும் இப்படியே செய், பாஸ்தான்" என்றார் நாத்தனார்.