மெதுவாகப் போடச் சொன்னவள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டவர்களும் நாளாவட்டத்தில் ஊமையை விட்டுவிட்டுக் கோட்டான் என்று சுருக்கிக்கொண்டார்கள். பசை இயந்திரத்தின் வாயில் அட்டையைக் கொடுத்தபடி பொழுதுக்கும் நிற்பாள். பேச்சு கிடையாது. பேசாத ஆளின் மனசில் ஒன்றும் ஓடவில்லை என்று உலகம் நினைத்துக்கொள்கிறது. அவள் மனசில் ஓடியதைக் கேட்க முடிந்திருந்தால், அந்தக் கூடத்தில் பாதிப் பேர் வேலையை விட்டே போயிருப்பார்கள்.

வாயைத் திறக்காமலே அவள் ஆட்சி செய்த இடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையின் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் அவள்தான் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரலை நீட்டி, அடுத்த பந்து என்ன என்று பிட்சருக்குச் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் வேகம். இரண்டு விரல் டிராப். பேட்டரின் முன்னால் வந்ததும் பந்து தொப்பென்று இறங்கும். மூன்று விரல் ரைஸ். மார்புக்கு வருவதுபோல் வந்து தாடைக்கு எகிறும். நான்கு விரலையும் ஆட்டினால் ஸ்லோ. எறிகிறவளின் கை சுழல்வதென்னவோ அதே வேகத்தில்தான், பந்து மட்டும் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவன் மாதிரி வரும்.

அந்த விரல்களைப் பார்த்து, இடுப்புக்குக் கீழே கையை வீசிப் பந்தெறிகிறவள் அவளுடைய நாத்தனார். பெட்டி கட்டும் பிரிவில் வேலை. ஒரே வீடு, ஒரே வேன், ஒரே அணி. ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் சின்னது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நாத்தனார், "அண்ணிக்கு உலகத்துல எல்லாரும் மடையங்கம்மா. மடையங்ககிட்ட என்ன பேச்சுன்னுதான் பேசறதில்ல," என்றாள். மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். கணவன் சிரிப்பை மறைக்கத் தண்ணீரை எடுத்துக் குடித்தான். சொன்னது பொய்யாக இருந்தால் அவள் மறுநாளே மறந்திருப்பாள். அன்றிலிருந்து வீட்டுப் பேச்செல்லாம் கணவன் வழியாகத்தான். "உங்க தங்கச்சிகிட்ட துணியெல்லாம் காஞ்சிடுச்சான்னு கேளுங்க," என்பாள். தங்கச்சி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பாள். "காஞ்சிடுச்சுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுண்ணா," என்று அவளும் சொல்வாள். அவன் நடுவில் தபால்பெட்டி மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

மைதானத்தில் தபால்பெட்டி தேவைப்படவில்லை. இவள் விரல் நீட்டுவாள், அவள் தலையசைத்து எறிவாள். ஒருமுறைகூட நாத்தனார் வேண்டாம் என்று தலையாட்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில்தான் மாப்பிள்ளை வந்து கையை வைத்தான்.

மாப்பிள்ளை என்பது முதலாளியின் மருமகன். பெண்ணைக் கொடுத்த கையோடு ஒரு நாற்காலியையும் கொடுத்தார் முதலாளி. நாற்காலிக்கு வேலை ஒன்றும் இல்லை என்பதால் சாஃப்ட்பால் அணியையும் கொடுத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து, எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டான். பட்டைக்குள் ஓர் அட்டை, அட்டை நிறைய எண்கள். பெஞ்சிலிருந்து அவன், "இருநூத்திப் பதினாலு," என்று கத்துவான். உடனே ஒன்பது பெண்களும் பரீட்சையில் பிட் அடிப்பதுபோல் மணிக்கட்டைக் குனிந்து பார்க்க வேண்டும்.

எண்கள்தான் நூற்றுக்கணக்கில் இருந்தன, சரக்கு ஒன்றுதான். ஒரே பந்தை அடுத்தடுத்துப் போடக்கூடாது என்பது அவனுடைய வேதம். "மாத்தி மாத்திப் போடணும்மா. அப்பதான் குழம்புவாங்க." வேகம், டிராப், ரைஸ், ஸ்லோ. மறுபடி வேகம், டிராப், ரைஸ், ஸ்லோ. குடைராட்டினத்தில் அடுத்து வருவது குதிரையா யானையா என்று தெரிந்துகொள்ள எவ்வளவு மூளை வேண்டும்? மூன்றாவது இன்னிங்ஸுக்குள் எதிரணியின் தண்ணீர் கொடுக்கிற பெண்ணுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும்.

பந்துகளை வரிசையாகக் கோப்பது வெறுமனே மாற்றி மாற்றிப் போடும் வித்தை இல்லை என்று அவளுக்குத் தெரியும். முதல் பந்தில் உண்மை பேசினால்தான் மூன்றாவதில் பொய் எடுபடும். எந்த உண்மை யாருக்கு என்பது பேட்டரின் காலில் எழுதியிருக்கும், பிடியில் எழுதியிருக்கும், பேட்டருக்கென்று சுண்ணாம்பில் போட்ட பெட்டிக்குள் வந்து நிற்கிற திமிரில் எழுதியிருக்கும். மாப்பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியாது. செல்போனில் எழுதியிருந்தால் படித்திருப்பான்.

போன ஆட்டத்தில் ஒருத்தி வந்தாள். வேகப்பந்து கையுறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் மட்டையைச் சுழற்றினாள். அப்படிப்பட்டவளுக்கு வேகத்தைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்பது பாலபாடம். மாப்பிள்ளையின் வரிசையில் அடுத்தது ஸ்லோ. "முந்நூத்தி ஏழு," என்றான். போட்டார்கள். அவள் தாமதமாகச் சுழற்றிய மட்டைக்குப் பந்தும் தாமதமாக வந்து சேர்ந்தது. வேலியில் போய் இடித்தது. ஆட்டம் போனது.

திரும்பும் வேனில் எல்லோர் காதிலும் விழும்படி கோட்டான் வாயைத் திறந்தாள்.

"சார், ஓடற பஸ்ஸைப் பிடிக்கத் தெரியாதவளுக்கு பஸ்ஸையே நிறுத்திக் குடுத்துட்டீங்க."

வேன் குலுங்கிச் சிரித்தது. ஓட்டுநர்கூடச் சிரித்தான். மாப்பிள்ளையின் காது சிவந்தது.

"அப்படியாம்மா? அடுத்த ஆட்டம் நீயே சொல்லு," என்றான். "ஜெயிச்சா இந்த அட்டையெல்லாம் குப்பையில போட்டுடறேன். தோத்தா, இனிமே நான் சொல்றதுதான். விரலை மடக்கி மடியில வெச்சுக்கணும். சரியா?"

அவள் தலையசைத்தாள். அன்று இரவு தூங்கவில்லை. பசை இயந்திரம் அவள் சொல்வதைக் கேட்காது, மேற்பார்வையாளர் கேட்கமாட்டார், வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட மாமியார்தான் முடிவு செய்வாள். மிச்சம் இருந்தது இந்த நான்கு விரல்.

அடுத்த ஆட்டம் மருத்துவமனை அணியோடு.

அவர்களில் பெரிய கை நெட்டை நர்ஸ். நீளக் கையை நம்பி, தரையில் பதித்த பிளேட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். வெளியே போகிற பந்துக்கு விரித்து வைத்த வலை. உனக்கு வெளிப்பந்து வேண்டுமா, இரு, கொஞ்சம் பசிக்கட்டும் என்று கோட்டான் நினைத்தாள். வயிற்றை ஒட்டி ஒரு வேகம். நெட்டை துள்ளி விலகினாள். மறுபடி அதே பந்து, அதே இடம். பெஞ்சில் மாப்பிள்ளை இருமினான். மூன்றாவதும் அதே. மட்டையின் கைப்பிடியில் பட்டு வெளியே உருண்டது. இப்போது நெட்டையின் குதிகால் தானாகவே பின்னால் நகர்ந்திருந்தது. வெளியோரத்தில் ஒரு டிராப். நெட்டை எட்டினாள், கும்பிட்டாள், அவுட்.

அடுத்த முறை நெட்டை பெட்டியின் முன்பக்கம் ஏறி வந்து நின்றாள். டிராப் விழுவதற்கு முன்பே அடித்துவிடுகிற திட்டமாம். நர்ஸ் படிப்புப் படித்த மூளை. கோட்டான் அவள் காலைப் பார்த்தாள், மூன்று விரலை நீட்டினாள். முன்னால் வந்தவளுக்கு ரைஸ் இன்னும் சீக்கிரம் வந்தது. பந்து நேர் மேலே போய், கோட்டானின் கையுறைக்கே திரும்பி வந்தது.

கண்ணாடி போட்ட ஒருத்திக்கு முதல் பந்து எதுவானாலும் அடித்தே ஆக வேண்டும். அவளுக்கு முதல் பந்தே மண்ணைத் தொடுகிற டிராப். இன்னொருத்தி நடுவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பந்தை விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நடுவில் மூன்று வேகம். சிரிப்போடு போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியும் தன் முட்டாள்தனத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள், கோட்டான் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு சந்தோஷமாக என்றைக்குமே இருந்ததில்லை.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். எதிரணி பேட்டிங். ஒரு தவறான எறிதலில் ஒருத்தி பேஸுக்குப் போனாள், இன்னொருத்தி தப்பாக வந்த நாலு பந்தை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்தே போனாள். அடுத்தவள் மெல்லத் தட்டிவிட்டு அவுட்டானாலும், அந்த இருவரும் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நகர்ந்துவிட்டார்கள். அதற்கடுத்தவள் ரைஸில் போனாள். இரண்டு அவுட். இன்னும் ஒன்று.

வந்தது மருத்துவமனையின் கேண்டீன் அக்கா. அவர்கள் வரிசையில் கடைசி பேட்டர். மட்டையைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். பெட்டிக்குள் வந்ததும் குனிந்து கோட்டானிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. ரெண்டு பேர் லீவுன்னு இழுத்துட்டு வந்துட்டாங்க. எம்மா வேகமாப் போடுது அந்தப் பொண்ணு. கண்ணே தெரியல எனக்கு."

கோட்டான் ஒரு விரலை நீட்டினாள். பந்து கையுறையில் அறைந்தது. அப்புறம் மட்டை சுழன்றது.

"பார்த்தியா," என்றாள் அக்கா.

மறுபடி ஒரு விரல். மறுபடி அதே தாமதம். இரண்டு ஸ்ட்ரைக். மூன்றானால் அவுட்.

"ஏம்மா, நீ பேசவே மாட்டியா? அந்தப் பொண்ணை ஒண்ணே ஒண்ணு மெதுவாப் போடச் சொல்லேன். புண்ணியமாப் போகும்."

இன்னொரு வேகம் போட்டால் முடிந்தது. அது கோட்டானுக்கும் தெரியும். ஆனால் முடிந்தால் மட்டும் போதுமா என்று அவள் மனசு கேட்டது. கேட்டதையே கொடுத்தால் எப்படி இருக்கும்? வேகத்துக்குப் பயந்தவள் இந்தமுறை அவசரப்பட்டுச் சுழற்றுவாள், பந்து வருவதற்குள் தட்டாமாலை சுற்றி மண்ணில் உட்காருவாள், மைதானமே சிரிக்கும். பெஞ்சில் இருக்கிறவனும் பார்க்கட்டும், வித்தை என்றால் என்னவென்று. அவள் நான்கு விரலையும் ஆட்டினாள்.

நாத்தனார் தலையை இடவலமாக ஆட்டினாள்.

கோட்டானுக்கு ஒரு கணம் புரியவில்லை. வெயில் கண்ணில் படுகிறதோ என்று நினைத்தாள். மறுபடி நான்கு விரல். மறுபடி மறுப்பு. அவள் நடுவரிடம் நேரம் கேட்டு எழுந்து, பிட்சரின் வட்டத்துக்கு நடந்தாள். நாத்தனார் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தம்மாவுக்கு எதுக்கு ஸ்லோ? வேகத்தையே பார்க்கத் தெரியல. பஸ்ஸை நிறுத்தற வேலை இது. நீங்கதானே சொன்னீங்க."

கோட்டான் அவள் முகத்தைப் பார்த்தாள். வேர்த்து வழிகிற சாதாரண முகம். சாப்பாட்டு மேசையில் சிரித்த முகம். எனக்கே பாடம் எடுக்கிறதா இது என்று தோன்றியது. எத்தனையோ மாதம் கழித்து நாத்தனாரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை ஒரே வார்த்தைதான்.

"போடு."

நாத்தனார் போட்டாள். நன்றாகவே போட்டாள், கை அதே வேகத்தில் சுழன்றது, பந்து சோம்பலாக வந்தது. கேண்டீன் அக்கா அவசரப்படவில்லை. அவசரப்படுகிற அளவுக்கு அவளுக்கு ஆட்டம் தெரியாது. எப்போதும் சுழற்றுகிற அதே நேரத்தில், அதே மாதிரி சுழற்றினாள். பந்து அப்போதுதான் அங்கே வந்தது.

இடதுபுற ஆட்டக்காரியின் தலைக்கு மேலே போன பந்து புல்லில் உருண்டுகொண்டே இருந்தது. மூன்றாவது பேஸில் நின்றவள் பிளேட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டாவதில் நின்றவளும் வந்தாள். மூன்றுக்கு இரண்டு, ஆட்டம் போனது. கோட்டான் பிளேட்டின் மேல் கையுறையை விரித்தபடி நின்றாள். அதில் விழ ஒன்றும் வரவில்லை.

மருத்துவமனைக்காரிகள் கேண்டீன் அக்காவைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு கோட்டானிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், தாயி. நிஜமாவே போடச் சொல்லிட்டியே. யாருக்கு வரும் இந்த மனசு."

பரிகாசம் இல்லை. உண்மையாகவே சொன்னாள். கோட்டானுக்குத் தேடிப் பார்த்தும் அந்த முகத்தில் பரிகாசம் அகப்படவில்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

மாப்பிள்ளை பட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். குத்திக்காட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பெருந்தன்மையாகச் சிரித்தான். அவள் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிவிட்டுச் சொன்னான்:

"மனசை விட்டுடாதம்மா. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

வேனில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பட்டையின் விளிம்பு மணிக்கட்டில் உறுத்தியது. அவள் அதைக் கழற்றவில்லை. இத்தனை வருஷமாக மனசில் ஓடிக்கொண்டிருந்த குரல் வழி நெடுக ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆள் கிடைக்காமல், கடைசியில் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே திரும்பி வந்தது.

இரவுச் சாப்பாட்டில் கணவன் வழக்கம்போல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"மேட்ச் என்னாச்சு?" என்றான், இரண்டு பக்கமும் பார்த்து.

"தோத்துட்டோம்," என்றாள் நாத்தனார்.

"ஏன்டீ?" என்றாள் மாமியார்.

கோட்டான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மேசையில் அந்த வார்த்தை சொல்லப்பட்டதோ, அதே மேசை. இப்போது சொன்னால் மறுக்க வழியில்லை. நாத்தனார் தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைத்தாள்.

"ஒரு அம்மாவைக் குறைச்சு எடை போட்டுட்டோம்மா. அவ்வளவுதான்."

அப்புறம் அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டிக் குழம்புக் கரண்டியை எடுத்தாள். தபால்பெட்டியிடம் போகாமல் நேராகவே கேட்டாள்.

"போடவா அண்ணி?"

"போடு."

"வேகமாவா, மெதுவாவா?"

மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவன் இந்தமுறை சிரிக்கலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் பட்டை கட்டிய கையால் தட்டை நகர்த்திக் கொடுத்தாள்.

"நீயே பார்த்துப் போடு," என்றாள்.