வெள்ளிக்கிழமை அளந்த கழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். தோற்பது அறவே பிடிக்காது. அந்தத் தாளில் என்னை எழுதவைத்தது இந்த இரண்டும்தான்.

அறந்தாங்கியில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். முதுநிலைப் படிப்புக்கான ஆய்வையும் அங்கேயே செய்தேன். கழுத்து வலிக்காரர்கள் முப்பது பேர். நோயோ முறிவோ எதுவும் கிடையாது, வேலையால் வந்த வலி. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தேன். மீதிப் பேருக்கு அதே பயிற்சியோடு, கழுத்து மூட்டுகளை என் கையால் அழுத்தி நெகிழ்த்திவிடும் சிகிச்சை. மூன்று வாரம் கழித்து எது மேல் என்று பார்க்க வேண்டும். என் கைதான் ஜெயிக்கும் என்று கல்லூரியில் எல்லோரிடமும் வாய்ச்சவடால் விட்டிருந்தேன்.

வலியை அளக்க ஒரு தாள் உண்டு. அதில் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு கோடு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. தன் வலி எங்கே இருக்கிறதோ அங்கே நோயாளி தன் கையால் குறி போட வேண்டும். எல்லோரும் சின்னதாக ஒரு கீறல் போடுவார்கள். ஜெகதாப்பட்டினம் ஆரோக்கியதாஸ் மட்டும் சிலுவை போடுவார். விசைப்படகில் வலை இழுக்கிறவர், என் கைச் சிகிச்சைக் குழுவில் இருந்தார். கழுத்தை இடது பக்கம் திருப்ப வராது, யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். இரண்டாம் வாரக் கடைசியில் அவருடைய சிலுவை ஆறில் நின்றது.

கடைசி அளவு ஒரு வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. தாள்களை எல்லாம் மறுநாள் காலைக்குள் பேராசிரியர் ஆத்மநாதனுக்கு ஸ்கேன் செய்து அனுப்பியாக வேண்டும். கூட்டிப் பார்த்தேன். ஆரோக்கியதாஸை விட்டுவிட்டால் இரண்டு சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் நன்றாகத் தேறியிருந்தால் என் கை மயிரிழையில் ஜெயித்துவிடும்.

எப்படியும் தேறியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோட்டில் இரண்டாம் இடத்தில் ஒரு சிலுவை போட்டேன். குறுக்குக் கோட்டை அவர் கொஞ்சம் சாய்த்துப் போடுவார், நானும் சாய்த்தேன். அதே தாளில், கழுத்து இடது பக்கம் திரும்பும் அளவு எழுபது டிகிரி, அதாவது ஏறக்குறைய நல்ல கழுத்தின் அளவு, என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவர் படம் வந்திருந்தது. புதன்கிழமை சாயங்காலம் வலை இழுக்கும்போது இடது பக்கமிருந்து வந்த கயிறு தட்டிக் கடலில் விழுந்துவிட்டாராம். உடல் கிடைக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் எழுபது டிகிரி திருப்பி அளந்த கழுத்து, அதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீருக்குள் போயிருந்தது.

அன்றிலிருந்து யார் கழுத்தில் கை வைத்தாலும் விரலுக்கடியில் அவர் கழுத்துதான் வந்தது. உப்பேறிய சொரசொரப்பு, மாதா படம் கோத்து அவர் எப்போதும் போட்டிருக்கும் உத்தரியக் கயிறு. சிகிச்சைக்கு வந்த டீச்சர் ஒருத்தி, ஏன் உங்கள் கை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் மனைவி இன்னாசியம்மாள் வந்தாள். அவர் இனி வரமாட்டார் என்று சொல்ல முந்தின நாள் அவள் போன் செய்தபோது, வரவேற்பில் இருக்கும் வனிதா ஃபைலைப் பார்த்து, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று சொல்லிவிட்டாள். வனிதாமேல் என்ன தப்பு? ஃபைலில் அப்படித்தான் இருந்தது. இன்னாசியம்மாள் நேரே பங்குச் சாமியாரிடம் போய், துக்கப் பூசையை நிறுத்தச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். எப்படியோ கரையேறி, தலையில் அடிபட்டு, எங்கேயோ திரிகிறார் என்பது அவள் நம்பிக்கை. வலிக்குப் பயந்தாவது இங்கே வருவார் என்றாள்.

மூன்று நாள் வந்தாள். அவர் உட்காரும் அதே நாற்காலி. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை திரும்பும். நான் சொல்லத் தைரியமில்லாமல் வனிதாமேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அந்தத் தாளைக் காட்டச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைச் சிலுவையை விரலால் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அது அவர் போட்டது இல்லம்மா. நான் போட்டது. வெள்ளிக்கிழமை அவர் வரவே இல்ல."

அவள் விரலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"அப்ப அன்னைக்கு யாரு கழுத்த அளந்தீங்க?"

"யாரு கழுத்தையும் அளக்கலம்மா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவளோ அதற்கு முந்தின தாளை எடுத்தாள்.

"இது?"

"அது அவர் கையால போட்டது. ஆறு."

"ஆறு வலியோடதான் கடலுக்குப் போனாரா?"

"ஆமாம்மா."

அப்போதுதான் அழுதாள். வனிதா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைத் தாளின் குறுக்கே 'வரவில்லை' என்று எழுதி, அங்கேயே ஆத்மநாதன் சாருக்குப் போன் செய்து நான் செய்த காரியத்தைச் சொன்னேன். அவர் பேசியதெல்லாம் எனக்குத் தகும். இரண்டு சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் உண்மையான முடிவு.

நான் போனை வைத்தபோது இன்னாசியம்மாள் முகத்தைத் துடைத்திருந்தாள். ஆறில் சிலுவை போட்ட தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"இத நான் கொண்டுபோறேன், டாக்டரம்மா. சவப்பெட்டிக்குள்ள வைக்க ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு."

கொண்டுபோகச் சொன்னேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள்கூட நடந்தேன்.